கறுப்பு அங்கிக்குள் ஒரு கச்சேரி

"நில்லு, செருப்பு மாட்டிக்கிறேன். நானும் வரேன்" என்றார் ஸப்ரி.

தாழ்ப்பாளில் கை வைத்திருந்த தஹானிக்கு அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு அங்கி. அங்கிக்குள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஜிகினா வைத்த ஆட்ட உடுப்பு. உடுப்பின் இடுப்பில் காசு கோத்த பட்டை. இன்னும் சற்று நேரத்தில் நைல் கரைக் கல்யாண மண்டபத்தில் அவள் இடுப்பை ஆட்டியாக வேண்டும். ஆனால் அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவளின் சித்தப்பா செத்துப் போனார், துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம், ஹானி அப்பா? உங்களுக்கு அவங்களைத் தெரியக்கூடத் தெரியாது."

"துக்கத்துக்குப் போகத் தெரிஞ்சிருக்கணுமா என்ன? போறது நம்ம கடமை" என்றார் அவர், உற்சாகமாக.

கல்யாணம் என்று சொல்லியிருந்தால் மூட்டுவலி என்று நாற்காலியை விட்டு அசையமாட்டார். துக்கம் என்றால் அவர்கள் குடியிருக்கும் ஷுப்ரா பேட்டையில் முதல் நாற்காலி அவருக்குத்தான். ஓதுகிறவரின் நல்ல குரல், சர்க்கரை போடாத காப்பி, பக்கத்தில் உட்கார்ந்தவரின் ஈரல் வியாதிக் கதை, இவ்வளவும் கிடைத்தால் அன்றைக்கு மனிதருக்குச் சுகமாகத் தூக்கம் வரும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் இதை மறந்தாள் என்றால், அவளுடைய மூளை இடுப்புக்கு இறங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பித்து அவளைப் பிடித்த கதை சின்னது. குடிநீர் வரி அலுவலகத்தில் முத்திரை குத்திக்கொண்டு, தானுண்டு வேலையுண்டு என்று இருந்தவள்தான். ஒன்றுவிட்ட தங்கை மகளின் மருதாணி இரவில் யாரோ அவள் இடுப்பில் ஒரு துப்பட்டாவைக் கட்டி நடுவில் தள்ளிவிட்டார்கள். தஹானி ஆடினாள். பெண்கள் கைதட்டினார்கள், குலவையிட்டார்கள், ஒருத்தி சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து கீழே விழுந்தாள். இவ்வளவு சந்தோஷத்தை மனிதர்களுக்குத் தன்னால் கொடுக்க முடியும் என்று தஹானிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதோடு ஒழிந்தது அவள் நிம்மதி.

வீட்டுக் கண்ணாடி முன்னால் ஆடியது போதாமல் போயிற்று. அலுவலகத்தில் கோப்பு அறைக்குள் ஆடினாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வரிசையில் வந்து நின்றவர்கள்கூட அவளுக்குச் சபையாகத் தெரிந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் தோளை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் முத்திரையை எடுப்பாள். அழைப்புகளும் ஓயாமல் வந்துகொண்டே இருந்தன. அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இம்பாபா வரை பேர் போயிற்று. பெண்ணைப் பெற்றவர்கள் வீடு தேடி வந்தார்கள்.

"உன் ஆட்டம் ஆரம்பிச்சாத்தான் பொண்ணை வெளியே கூட்டிட்டு வருவோம், தஹானி. பொண்ணு பக்கத்துலேயே நின்னு ஆடணும், தள்ளிப் போயிடக்கூடாது" என்று கையைப் பிடித்துக் கேட்பார்கள்.

எந்தப் பெரிய கலைஞருக்கு இந்த மரியாதை கிடைக்கும் என்று தஹானி அண்ணாந்து நடக்கத் தொடங்கினாள். மேடையில் பேர் வாங்கிய நடனக்காரிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தால், "கை சரியில்லே" என்று உதட்டைப் பிதுக்குவாள்.

ஸப்ரி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "பொம்பளைங்க மட்டும் இருக்கிற இடத்துல என்ன வேணா பண்ணிக்கோ. ஆம்பளைங்க இருக்கிற சபையில ஆடினேன்னு என் காதுல விழுந்துது, அன்னைக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடணும்."

சரி என்று தலையாட்டினாள். ஆனால் பாதிச் சபை அவளைப் பார்க்காமல் வெளியே உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருப்பது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இன்றைக்கு மகளுக்கு நைல் கரை மண்டபத்தில் கல்யாணம் வைத்திருந்த கரீமா, காலையில் தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னாள்: "என் பொண்ணு வேற அப்படி ஒரு அழகு. ஆம்பளை பொம்பளைன்னு ஊரே ஒண்ணாத் திரண்டு வருது. எனக்கு நெஞ்சு படபடங்குது. வேற எந்த ஏற்பாடும் நான் பண்ணலே, உன்னைத்தான் மலைபோல நம்பியிருக்கேன்." இதற்கு மேல் ஒரு கலைஞர் எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பார்?

இருவரும் தெருவில் இறங்கினார்கள். நாலு அடி வைப்பதற்குள் அங்கிக்குள்ளிருந்து ஜலக் என்றது.

"என்ன சத்தம்?"

"சாவிக் கொத்து."

"எந்த ஜெயிலோட சாவி?"

தஹானி முட்டையின் மேல் நடப்பதுபோல் நடந்தாள். தெரு மூலையில் யாரோ செத்த வீட்டுக்காக ஓதுகிற ஒலிபெருக்கி கேட்டது. பள்ளிவாசலை ஒட்டிய கூடத்தில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க் கட்டிடத்தின் மாடிக்குக் கறுப்பு அங்கிப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"இதுதானே?" என்றார் ஸப்ரி.

இல்லை என்றால் ஊர் முழுக்கத் தேட வேண்டி வரும். அவரோ தேடிக் கண்டுபிடித்துவிடுவார்.

"இதேதான்" என்றாள்.

"நீ மேலே போ. நான் கீழே உக்காந்திருக்கேன், ஒண்ணும் அவசரமில்லே" என்று அவர் வாசலைப் பார்த்த நாற்காலியாகத் தேடி உட்கார்ந்தார். அவள் நழுவுவதற்கு வழியில்லை.

மாடியில் கூடம் நிறையப் பெண்கள். நடுச் சோபாவில் விதவை இஹ்ஸான், முகம் வீங்கி, கையில் கசங்கிய கைக்குட்டையோடு இருந்தாள். "மிச்ச ஆயுசு உங்களுக்கு இருக்கட்டும்" என்று துக்க வீட்டில் எல்லோரும் சொல்வதை முணுமுணுத்துவிட்டுத் தஹானி மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு சுற்று ஓதி முடிந்ததும் கீழே இறங்கிப் போய், தனக்கு இன்னும் நேரமாகும் என்று அவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது கணக்கு. உட்கார்ந்ததும் காசுகள் கணீரென்று சிரித்தன.

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தத்தை மறைக்கத் தஹானி ஒரு விம்மல் விட்டாள். விம்மியதில் இடுப்பு குலுங்கிக் காசுகள் மறுபடி பேசின. அதை மறைக்க உரக்க அழுதாள்.

கூடம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

அங்கேதான் அவள் கெட்டாள். இத்தனை கண்கள் ஒரே நேரத்தில் தன்மேல் விழுந்தால் சாதாரண மனுஷி கூசிப்போவாள். தஹானிக்கோ உள்ளே விளக்கு எரிந்தது. யார் வீடு, யார் செத்தது எல்லாம் மறந்துபோயிற்று. கையை மெல்லத் தூக்கினாள், மணிக்கட்டை வளைத்தாள், தலையைப் பின்னால் சாய்த்து, "போயிட்டீங்களே! எங்களையெல்லாம் விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று ஓலமிட்டாள். இரண்டு கிழவிகள் தேம்பினார்கள். தேம்பலைக் கேட்டதும் இவளுக்கு வேகம் கூடியது. "இனிமே யாரு இருக்கா எனக்கு!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பெற்ற மகள்களே அப்படி அழவில்லை.

காப்பித் தட்டோடு வந்த, இஹ்ஸானின் எதிர்வீட்டு உம்மு ரஜப் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஊரில் கல்யாணமோ சாவோ, உம்மு ரஜப் இல்லாமல் நடக்காது. பார்த்தவள் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். நம்ம ரசிகை ஒருத்தி இங்கேயும் இருக்கிறாளே என்று தஹானிக்கு அந்த அழுகையிலும் ஒரு பெருமை.

இஹ்ஸான் எழுந்து வந்தாள்.

"யாரும்மா நீங்க? நான் பாத்ததில்லையே."

"ஹாஜியை எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்" என்றாள் தஹானி. மக்காவுக்குப் போனாரோ இல்லையோ, செத்தவரை ஹாஜி என்றால் தப்பாகாது.

"எப்படித் தெரியும்?"

"அடிக்கடி வருவாரு."

"எங்கே?"

"எங்கிட்ட."

கூடத்தில் வாய்க்குப் போன காப்பிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. சொன்னது கோணலாகப் போய்விட்டது என்று தஹானிக்குப் புரிந்தது. நேராக்கப் பார்த்தாள்.

"அடிக்கடின்னா அடிக்கடி இல்லே. எப்பவாவதுதான்."

"என் புருஷன் கடையை விட்டா வீடு, வீட்டை விட்டா கடைன்னு இருந்தவர். வியாழக்கிழமை மட்டும்தான் சாயந்திரம் வெளியே போவார்."

"ஆமா, ஆமா, வியாழக்கிழமைதான் வருவாரு" என்றாள் தஹானி, ஒத்துப்போனால் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கையில்.

இஹ்ஸானின் அழுகை நின்றுவிட்டது. "வியாழக்கிழமை தொழுதுட்டு அக்கா வீட்டுக்குப் போறேன்னு என்கிட்ட சொல்லுவார்" என்று நாத்தனாரைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்கா? பெருநாளைக்கு வந்தா உண்டு!" என்றாள் நாத்தனார்.

"அம்மா, நீங்க நினைக்கிற மாதிரி இல்லே. வந்தா நிக்கக்கூட மாட்டாரு, வேலையை முடிச்சிட்டு உடனே போயிடுவாரு."

தண்ணீர் வரி கட்டுகிற ஆட்களைத்தான் அவள் மனதில் வைத்துச் சொன்னாள். கேட்டவர்கள் மனதில் தண்ணீர் வரி இல்லை. "அல்லாவே!" என்று ஒரு கிழவி காதைப் பொத்தினாள்.

அந்த நேரம் பார்த்து அங்கிக்குள்ளிருந்து மேளம் முழங்கியது. கரீமாவின் அழைப்பு. அழைப்பு மணியாகத் தஹானி வைத்திருந்தது, சபைக்குள் நுழையும்போது அடிக்கிற அந்தத் தாளத்தைத்தான். அவள் கை தொலைபேசியைத் தேடிக்கொண்டிருக்க, இடுப்பு யாரையும் கேட்காமல் வலது பக்கம் ஒரு வெட்டு, இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. காசுகள் கலகலவென்று தாளம் போட்டன.

"உள்ளே என்னடி வச்சிருக்கே?" என்று நாத்தனார் அங்கியைப் பிடித்தாள். இஹ்ஸான் இன்னொரு பக்கம் பிடித்தாள். பித்தான்கள் தெறித்தன.

கறுப்புக் கூடத்தின் நடுவில் ஆரஞ்சு ஜிகினா எரிந்தது.

"நடனக்காரி!" என்று இஹ்ஸான் அலறினாள். "ஐயோ, தாடி நரைச்ச வயசுல என் புருஷன் நடனக்காரி வீட்டுக்குப் போயிருக்கானே! இவ நடனக்காரிடி!"

செருப்புகள் கழன்றன. ஜன்னலுக்கு ஓடிப் போய்க் கீழே இருக்கிற ஆண்களைக் கூப்பிடு என்று யாரோ கத்தினாள். கீழே ஸப்ரி இருக்கிறார். அண்ணன் வீடு இருக்கிறது, கட்ட வேண்டிய பெட்டி இருக்கிறது. எல்லாம் தஹானிக்கு ஞாபகம் வந்தது. தப்பிக்க ஒரு வாக்கியம் போதும்: நான் தண்ணீர் ஆபீஸ் குமாஸ்தா, வீடு மாறி வந்துவிட்டேன். வாயைத் திறந்தாள்.

ஆனால் அந்தச் சொல் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில், இத்தனை கல்யாணங்களில், எத்தனையோ பேர் அவளைத் தங்கமே, கண்ணே என்று கொஞ்சியிருக்கிறார்கள். நடனக்காரி என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. இன்றைக்கு ஒரு சபை முழுக்க அவளைப் பார்த்து அதைச் சொல்கிறது, அதுவும் பொறாமையோடு. அதை மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. புருஷன் போனாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷத்தில் உண்மையிலேயே தோன்றிவிட்டது.

தஹானி கிழிந்த அங்கியைத் தோளிலிருந்து நழுவவிட்டாள். முகவாயை உயர்த்தினாள். ஒரு கை தலைக்கு மேல், ஒரு கை இடுப்பில்.

"ஆமா" என்றாள். "நான் நடனக்காரிதான்."

இஹ்ஸானின் செருப்பு உயர்ந்தது. அந்தக் கையை ஒரு பருத்த கை பிடித்துக்கொண்டது. உம்மு ரஜப், காப்பித் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து முடித்தாள்.

"அட, செருப்பைக் கீழே போடு இஹ்ஸான், உன் புருஷன் மானம் தப்பிச்சுது! இவளாவது, நடனக்காரியாவது! தண்ணி ஆபீஸ் தஹானிடி இவ. ஜனங்க பொண்ணைப் பாத்துக் கண்ணு வைக்காம இவளைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போகட்டும்னு, நம்ம ஷுப்ராவுல எல்லாக் கல்யாண வீட்டுலயும் திருஷ்டிக்குக் கட்டுற நீல மணிக்குப் பதிலா இவளைத்தானே கூப்பிட்டுப் பொண்ணு பக்கத்துல ஆட விடுறோம்!"