அண்ணனை அழித்தால் நாற்பத்து நாலு மார்க் கூடும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆதார் அட்டை அறுபத்தொன்பது என்கிறது. குறைத்துச் சொல்கிறவர்களிடம் எதற்குச் சண்டை என்று நானும் விட்டுவிட்டேன். பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. (மற்ற மூன்றும் போய்ச் சேர்ந்த என் நாத்தனாருடைய பிள்ளைகள். அதுகளும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடும்.) ஏழு பேரையும் கரையேற்றி, சாமைக் கொல்லையையும் ஒற்றை ஆளாகப் பார்த்த நான், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு போட்டோவால் ஊர் சிரிக்க உட்கார்ந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. போன் மேல் பழி போட மாட்டேன். அது பாவம், கேட்டதைத்தான் செய்தது.

எங்கள் மலையில் விளைகிற சாமையை மகளிர் குழுவில் குத்திப் புடைத்துப் பொட்டலம் போடுகிறோம். குழுத் தலைவி என் மருமகள் செல்வி. கெட்டிக்காரி. வேலூரில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா எங்களிடம் சாமை வாங்க ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, பொட்டலத்தின் மேல் பயிர் செய்கிறவர் முகம் ஒன்று இருக்க வேண்டும். “நல்ல போட்டோவா அனுப்புங்க. இல்லன்னா நானே ஒண்ணு போட்டுக்கறேன்” என்று மாதிரிக்கு ஒரு படமும் அனுப்பினார்.

படத்தில் ஒரு பெண். உதட்டில் சாயம், தலை நிறைய மல்லி, கையில் நெற்கதிர். சாமைப் பொட்டலத்துக்கு நெற்கதிர்!

“யார்டி இவ?” என்றேன்.

“யாரும் இல்ல அத்தே. கம்ப்யூட்டரே செஞ்ச மூஞ்சி.”

“பொறக்காதவ வந்து என் சாமைய விக்கறதா? என்னைய எட்றி போட்டோ.”

அன்றைக்கே பெட்டியைத் திறந்து பட்டுப் புடவையை எடுத்தேன். முகத்துக்குப் பவுடர் போட்டேன். (கொஞ்சம் அதிகம். கோலமாவு டப்பாவில் விழுந்தாயா என்று பெரியவன் கேட்டான்.) என் கல்யாணத்தில் போட்டோ பிடிக்க வந்த ஆள், “மூச்சு விடாத நில்லும்மா” என்று சொன்னது எனக்கு வேதம். அதனால் செல்வி போனைத் தூக்கினாலே மூச்சை அடக்கிக்கொண்டு கம்பம் மாதிரி நின்றேன்.

செல்வியின் போனில் ஒரு சாமான் இருந்தது. போட்டோவைக் காட்டினால் மார்க் போடும். மார்க் குறைந்தால் ஏன் குறைந்தது என்றும் சொல்லும். முதல் போட்டோவுக்கு முப்பத்தெட்டு.

“வெயிலு பின்னாடி கீதாம். மூஞ்சி கறுப்பா வுழுதாம்” என்று படித்தாள் செல்வி.

திரும்பிப் பார்த்தேன். ஆமாம், சூரியன் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தான். இடம் மாறி நின்றேன். ஐம்பத்தாறு. “முந்தானை எடப்பக்கம் சரிஞ்சிகீதாம்.” குனிந்து பார்த்தேன். சரிந்துதான் இருந்தது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. என் மாமியாருக்கு அடுத்தபடி அப்படிக் குறை கண்டுபிடிக்கிற கண்ணை நான் பார்த்ததில்லை. மாமியாராவது குறையைச் சொல்லிவிட்டு மூன்று நாள் பேசமாட்டார். இது அடுத்த நொடியே, “மறுபடி முயலுங்கள்” என்கிறதாம். எவ்வளவு பெருந்தன்மை!

பன்னிரண்டாவது போட்டோவில் தொண்ணூற்று நாலு வந்தது. முகம் நடுவில், கண் திறந்து, வாய் மூடி, ஒரு மயிர் பறக்காமல். நான் ஐந்தாவதுகூட முடிக்காதவள். என் வாழ்நாளில் வாங்கிய முதல் மார்க் தொண்ணூற்று நாலு. விடுவேனா?

“கடைக்காரம்மாவுக்கு அனுப்பறது இருக்கட்டும். மொதல்ல இத பெருசா பிரேம் போடு” என்றேன்.

மகன் கண்ணமங்கலம் போய் பிரேம் போட்டுக்கொண்டு வந்தான். மாட்டுவதற்கு எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு ஆணிதான் காலியாக இருந்தது, காலமான என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில். அவர் படத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு எரியும். என் படம் இருட்டில் தொங்கியது.

“அந்த லைட்ட இப்படி இழுத்து என் மேலயும் சுத்துடா. தொண்ணூத்தி நாலு மார்க் மூஞ்சி யாருக்கும் தெரியாம இருக்கணுமா?”

“அம்மா, பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க...”

“பொறாமப்படுவாங்க. சுத்து.”

சுற்றினான். அத்தோடு நின்றேனா? கனகாம்பரச் சரத்தில் பாதியை அவருக்கும் பாதியை எனக்குமாகப் போட்டேன். புருஷனும் பெண்சாதியும் அக்கம்பக்கமாகப் பல்பு வெளிச்சத்தில், பார்க்கக் கல்யாண ஜோடி மாதிரி இருந்தோம். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. செல்வியை விட்டு அந்தச் சுவரை அப்படியே போட்டோ பிடிக்கச் சொல்லி, புதூர்நாட்டிலிருக்கும் என் அண்ணனுக்கு அனுப்பச் சொன்னேன். கூடவே அனுப்ப என் குரலிலும் பேசிப் போனில் பதிந்தேன்: “அண்ணா, பாத்தியா, தொண்ணூத்தி நாலு மார்க். உன் மூஞ்சிக்கு வருமா?”

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது கொல்லை மேட்டுப் புளியமரத்தடியில் மட்டும். அதுவும் காற்று மனசு வைத்தால். செல்வி அங்கே போய் நின்றாள். போட்டோ போய்விட்டது. பேச்சு போகவில்லை. சிக்னல் செத்துவிட்டது.

அங்கே அண்ணன் போனில் வந்து இறங்கியது இதுதான்: பல்பு எரிகிற சுவர், செத்த மச்சான், பக்கத்தில் மாலையோடு, மூச்சில்லாமல் நான்.

அண்ணன் உடனே போன் போட்டிருக்கிறார். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். அண்ணனுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது. வாசலில் உட்கார்ந்து பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். புடவையை வரிந்து கட்டி, முழங்கை வரை எண்ணெய். செல்வி போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, எங்காவது ஒரு கோடு சிக்னல் வருமா என்று வாசலில் அலைந்துகொண்டிருந்தாள். மேட்டுப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது.

“யார் வூட்லடி சாவு?” என்று கேட்டு, ஒரு சுளையை வாயில் போட்டேன்.

ஜீப் ஒன்று எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. முன்னால் அண்ணன், பின்னால் அண்ணியும் ஏழெட்டு சனமும், மேலே மேளக்காரர்கள் இரண்டு பேர். அண்ணன் இறங்கும்போதே மார்பில் அடித்துக்கொண்டார். அக்குளில் ஒரு புதுப்புடவை, கையில் ரோஜா மாலை.

“வெள்ளச்சீ! எனக்கு முன்னாடி போய்ட்டியே தங்கச்சீ!”

எனக்குச் சுளை தொண்டையில் நின்றது. எழுந்து, “இங்கதான் கீறேன், எங்க போவேன்?” என்றேன்.

அண்ணன் அப்படியே மண்டி போட்டார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. மேளக்காரர் ஓங்கிய குச்சியை இறக்கவில்லை. அண்ணி மட்டும் ஒப்பாரியை நிறுத்தாமல் இரண்டு வரி அதிகமாகப் பாடினார். (ஆரம்பித்ததை முடிக்கிற பழக்கம் அவருக்கு.) எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. பல்லில்லாத வாய், மோவாயில் பலாச்சாறு, கண் இரண்டும் மூடிப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த நேரத்தில் செல்வியின் போன் க்ளிக் என்றது.

“கை தானா அமுக்கிட்ச்சு அத்தே” என்றாள். நம்பினேன்.

பிறகு அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “உயிரோட கீறவ மால போட்டு லைட்டு சுத்துவியா? புத்தி கெட்டவளே! வழியெல்லாம் அழுதுகினு வந்தேன்டி. டிரைவர் கூட அழுதாரு.” டிரைவர் தலையை ஆட்டினார். வந்த சனத்துக்கு ஆக்கிப்போட வேண்டியிருந்தது. அதே சாமைதான், அதே பலாப்பழம்தான். மேளக்காரர்கள் சும்மா போக மனமில்லாமல் கல்யாண அடி அடித்துவிட்டுப் போனார்கள்.

புடவையைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதாம். பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி என்று அண்ணன் தம்பி எடுத்து வரும் புடவை அது. கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். பச்சை. கிளிப் பச்சை, சிவப்புக் கரை. தாலியறுத்தவளுக்கு வெள்ளையாக ஒன்று போதும் என்று கடையில் எடுத்துக் கொடுத்தார்களாம். “என் தங்கச்சிக்குப் பச்சதான் புடிக்கும்” என்று அண்ணன் அங்கேயே அழுதிருக்கிறார். எனக்கு எது பிடிக்கும் என்று என்னைக் கேட்ட ஆளே போய்ப் பல வருஷம் ஆகிறது. அதுவரை சிரித்தவள், அப்போதுதான் அழுதேன். அதை யாரும் போட்டோ பிடிக்கவில்லை.

சனம் கிளம்பிய பிறகு செல்வி அந்தப் புதுப் போட்டோவை மார்க் போடுகிற சாமானிடம் காட்டினாள்.

“எவ்ளோ?”

“பதினேழு.”

“ஏனாம்?”

“மூஞ்சி நடுவுல இல்லியாம். கண்ணு மூடிகீதாம். கை ஆடிட்ச்சாம். பின்னாடி கூட்டம் ஜாஸ்தியாம்.” கொஞ்சம் தயங்கி, “தேவையில்லாத ஆள் ஒருத்தர் கீறாராம். அழிச்சிடவான்னு கேக்குது” என்றாள்.

“யாராம்?”

“உங்க அண்ணன்.”

அழித்துப் பார்த்தாள். தொட்டதும் அண்ணன் மறைந்து போனார். அவர் மண்டி போட்டிருந்த இடத்தில் புல்லும் மண்ணும் அவ்வளவு நேர்த்தியாக முளைத்துவிட்டது. நிஜமாகவே அசந்துபோனேன், பெரிய வித்தைதான். மார்க் அறுபத்தொன்று. ஆனால் படத்தில் என்ன இருந்தது? வெறும் மண்ணைப் பார்த்து ஒரு கிழவி சிரித்துக்கொண்டிருந்தாள். பைத்தியம் மாதிரி.

“எங்கண்ணன அழிச்சா நாப்பத்து நாலு மார்க் கூடுதா? எனக்கு வேணாம் அந்த மார்க்கு. திருப்பி வையி அவர.”

தொண்ணூற்று நாலையும் பதினேழையும் சேர்த்தே கடைக்காரம்மாவுக்கு அனுப்பச் சொன்னேன். உள்ளுக்குள் பயம்தான். அவர் சிரித்துவிட்டு அந்த நெற்கதிர்க்காரியையே போட்டுவிட்டால்? ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் புளியமரத்தடியில் போன் வந்தது. தொண்ணூற்று நாலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினேழைப் பற்றித்தான் கேள்வி மேல் கேள்வி. “அந்தப் பெரியவர் யாரு? ஏன் அழறாரு? அவர் அழும்போது இவங்க ஏன் சிரிக்கறாங்க? கையில மால எதுக்கு?” செல்வி கதையைச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சிரிப்பு. கடைசியில், “இதுதான் பொட்டலத்துல வரும்” என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தச் சாமானுக்கு நல்ல கண். படத்துக்குள் இருக்கிற எதுவும் அதற்குத் தப்பாது. ஆனால் ஜீப்பில் அழுதுகொண்டே வந்த வழி படத்துக்குள் இல்லையே, அதை எங்கே பார்க்கும்? பார்த்தவர்கள் நின்று, “அப்புறம் இன்னா ஆச்சு?” என்று கேட்க வைக்கிற போட்டோதான் மனசில் நிற்கும் போலிருக்கிறது. என் பட்டுப்புடவைப் படத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. அதில் அப்புறம் என்று ஒன்று இல்லை.

இப்போது வேலூரில் சாமை வாங்குகிறவர்கள் வீட்டிலெல்லாம் நானும் அண்ணனும் இருக்கிறோம். “என்ன அழவெச்சு சாம விக்கறா” என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே. எனக்குப் போன் போட்டால் முதல் கேள்வி, “கீறியா, இல்ல சேல எடுத்துகினு வரட்டுமா?” என்பதுதான். பச்சைப் புடவையை ஒவ்வொரு பொங்கலுக்கும் கட்டுகிறேன். தன் கோடியைத் தானே கட்டிக் கிழித்தவள் இந்த மலையில் நான் ஒருத்திதான். தொண்ணூற்று நாலு மார்க் படத்தைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அதற்கான நாள் வரும்போது எடுத்து மாட்டட்டும். அவசரம் ஒன்றுமில்லை.

எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு எழுத்துக்கூட்டவும்தான் வரும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதியது செல்வியின் மகள் பவித்ரா. பவித்ரா, எழுதிட்டியா? மொதல்லருந்து மெதுவா படிச்சுக் காட்டு கண்ணு. போன்ல குடுத்து மார்க் கேக்காத, அப்புறம் உங்க மாமாத் தாத்தாவ எடுத்துடச் சொல்லும். நீயே படி.