நுரை அடங்கிய பேசின்

சின்னப் பிள்ளைகளின் நேர்சரியில் வேலை கிடைத்த அன்றே டிலுக்ஷி சட்டம் போட்டுவிட்டாள். இனி ஞாயிற்றுக்கிழமை உடுப்பு கழுவுவது புருஷன் பொறுப்பு. லெஸ்லிக்குத் தலையில் இடி விழுந்தது. பூசை முடிந்ததும் சீகிரியா த்ரீவீல் ஸ்டாண்டில் கரம் போர்ட் ஆடும் நாள் அது. வாரம் முழுக்க ஹோட்டல் அறைகளைக் கூட்டித் துடைக்கும் மனிதனுக்கு வேறு என்ன சுகம்?

எதிர்த்துப் பேசிப் பிரயோசனமில்லை. அதனால் மூளையை நம்பினான். ஒரே ஒரு தரம் படுமோசமாகக் கழுவிக் காட்டினால், அவளே உடுப்பு ஊறவைக்கும் பேசினைப் பிடுங்கிக்கொண்டு அவனைத் துரத்திவிடுவாள். எப்படிக் கெடுப்பது என்பதும் தெரியும். ஹோட்டல் லோண்டரிக்குச் சவர்க்காரம் விற்க வந்தவர், ஊழியர்களுக்கு வகுப்பே எடுத்திருந்தார்.

வெள்ளைப் பருத்தித் தலையணை உறைகளைப் பேசினில் போட்டு, சவர்க்காரத் தூளைக் கலக்கினான். நுரை பொங்கியது. உடனே, துணியை மெதுவாக்கும் வாசனைத் திரவத்தையும் தாராளமாக ஊற்றினான். நுரை செத்தது. உறைகள் பிசுபிசுவென்று அழுக்கோடு கிடந்தன. லெஸ்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

டிலுக்ஷி வந்து ஓர் உறையைத் தூக்கிப் பார்த்தாள். கோபப்படவில்லை.

“என்னங்க, நுரையவே காணோம்? தூள் பழசோ?”

“தூள் நல்ல தூள்தான்.”

“அப்ப தண்ணியில பிழையா இருக்கும். பாவம், ஒங்களுக்கு எங்க தெரியப்போகுது.”

அந்தப் ‘பாவம்’ லெஸ்லியைச் சுட்டுவிட்டது. நுரை அடங்கிய இடத்தில் உரை தொடங்கியது. பேசினைக் காட்டிக் காட்டிப் பேசினான்.

“எனக்கா தெரியாது? தூளு மைனஸ். இந்தத் திரவம் பிளஸ். ஒண்ணா ஊத்தினா ரெண்டும் கட்டிப்பிடிச்சிக்கும். அழுக்க கவனிக்க ஆளிருக்காது.”

“கல்யாணம் முடிச்சா வேலை செய்யமாட்டாங்கன்னு சொல்றீங்க.”

“விளையாடாத. மொதல்ல தூள்ல ஊறவச்சு கழுவணும். நல்லா அலசணும். திரவத்த கடைசித் தண்ணியிலதான் விடணும். துவாய்க்கு அதுவும் கூடாது, ஈரத்த உறிஞ்சாது.”

“அடேங்கப்பா,” என்றாள் டிலுக்ஷி.

லெஸ்லி நெஞ்சை நிமிர்த்தினான். அவள் உள்ளே போனாள். தன் அறிவில் அசந்துபோய் டீ ஊற்றப் போகிறாள் என்றுதான் நினைத்தான். வெளியே வந்தவள் கையில் ஜன்னல் சீலைகள், படுக்கை விரிப்புகள், துவாய்கள். எல்லாவற்றையும் பேசின் பக்கத்தில் குவித்தாள்.

“தெரியாம கெடுத்திருந்தீங்கன்னா, பாவம்னு கரம் ஆட விட்டிருப்பேன்.”