இரும்பய்யனுக்கு இருபத்திரண்டு கார்டு

"ஏனுங்க, செத்துப்போன அப்பாசாமி மாமாவுக்கு இந்தப் பொம்மைப்படத்து மேல இத்தனை பிரியமுங்களா?"

கேட்டது என் மனைவி தேன்மொழி. அவள் கையில் தேதி முத்திரை. முன்னால் மேசையில் இருபத்திரண்டு தபால் கார்டு. இருபத்திரண்டும் நான் எழுதியது. இருபத்திரண்டிலும் வேறு வேறு ஆள் பெயர். என் மானம் மொத்தமும் அந்த மேசை மேல் பரப்பிக் கிடந்தது.

வாசல் வழியாக ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வாசலில் ஆள் நின்றது. எங்கள் வீட்டு வாசல்தான் தபாலாபீஸ் வாசலும்.

தேன்மொழிதான் எங்கள் ஊர்க் கிளைத் தபாலாபீஸுக்குப் போஸ்ட் மாஸ்டர். பத்தாவது பாஸ். நான் பத்தாவது ஃபெயில். அவளுக்கு இருபது வயது, எனக்குப் பத்தொன்பது. மாமன் மகள். தாலி மட்டும்தான் நான் கட்டினேன். மிச்சமெல்லாம் அவள்தான் கட்டி ஆள்கிறாள்.

சாதாரண நாளில் என்னை 'இந்தா' என்று கூப்பிடுவாள், 'நீ' என்பாள். கோபம் வந்தால் 'ஏனுங்க'. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"எந்தப் பொம்மைப்படம்?" என்றேன்.

"இரும்பய்யனுங்க."

"அது யாரு?"

"ஞாயித்துக்கிழமை பத்து மணியானா, கேபிள் ஒயரு சரியா இருக்கான்னு பார்க்கறேன்னு டிவி முன்னால சம்மணம் போட்டு உக்காருவீங்களே. அப்ப வருவாருங்களே, அவருங்க."

இவளிடம் மறைத்துப் பயனில்லை. உங்களிடமும் மறைக்கவில்லை.

கேபிள்காரன் யுவராஜ் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரன். மலை மேல் எங்கள் ஊரில் ஓர் அறை பிடித்து, மேலே டிஷ்ஷை நட்டு, ஆபீஸ் என்று பலகை மாட்டியிருந்தான். அவனுடைய சொந்தச் சேனலில் சி.டி. போடுவான். அப்படி வந்ததுதான் இரும்பய்யன். நாங்கள் வைத்த பெயர். படத்தின் சொந்தப் பெயரை எங்களில் யாராலும் வாசிக்க முடியவில்லை. பேசுவது ஜப்பான் பாஷை. அடியில் ஓடும் எழுத்து இங்கிலீஷ். இரண்டும் எனக்குத் தெரியாது. கதை மட்டும் முழுசாகத் தெரியும்.

மலைக்குள் ஓர் இரும்பு ராட்சசன் தூங்குகிறான். ஒரு சின்னப் பெண் அவன் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்து மணி அடித்தால் எழுந்திருப்பான். சிறகு முளைத்த பாம்புகளோடு வாள் எடுத்துச் சண்டை போடுவான். ஐந்தாவது வாரம் அவனுடைய இடது கை போய்விட்டது. பத்தொன்பதாவது வாரம் வரைக்கும் திரும்ப வரவில்லை. மொத்தம் இருபத்தாறு வாரம் என்று சி.டி. டப்பாவில் போட்டிருக்கிறதாம். மீதி ஏழு வாரத்தில் கை வந்தே தீரும் என்பது என் கட்சி.

அந்த நேரம் பார்த்து யுவராஜ் டிவியில் எழுத்து ஓட விட்டான். படத்தை நிறுத்தச் சொல்லி இரண்டு பேர் கேட்கிறார்களாம். நேயர்கள் கருத்தைக் கார்டில் எழுத வேண்டுமாம். இருபது பேருக்கு மேல் கேட்டால் படம் ஓடும். கார்டெல்லாம் ஞாயிற்றுக்கிழமை டிவியில் வாசிக்கப்படும். நேரில் வந்து யாரும் உயிரை வாங்க வேண்டாம்.

கல்யாணமான ஆம்பளை பொம்மைப்படத்துக்குக் கார்டு போட்டான் என்று டிவியில் வந்தால், மிளகு பறிக்கப் போகிற இடத்தில் என்னைக் கொடியோடு சேர்த்துப் பறித்துவிடுவார்கள். அதனால் ஊரில் இருக்கிறவர்கள் பெயரில் எழுதினேன். யுவராஜ் கீழ்நாட்டு ஆள். மேலே யார் என்ன எழுதுவார்கள், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

கார்டை வீட்டில் வாங்கினால் இவள் எதற்கென்று கேட்பாள். வீட்டுப் பெட்டியில் போட்டால் இவள்தான் எடுப்பாள். அதனால் மிளகு விற்கப் போகிறேன் என்று பேளுக்குறிச்சிச் சந்தைக்குக் கிளம்பினேன். மலையிறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பதாவது வளைவில் வாந்தி. இரும்பய்யனுக்காகப் பொறுத்துக்கொண்டேன். நசீர் அகமது பாய் கடையில் மிளகு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதினேன்.

பாய் எட்டிப் பார்த்தார். "லவ் லெட்டருங்களா தம்பி?"

"இல்லீங்க பாய். எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

"ஓ, அப்ப மன்னிப்புக் கடுதாசி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பேளுக்குறிச்சிப் பெட்டியில் போட்டுவிட்டு, உலகத்தில் என்னைப் போல மூளைக்காரன் இல்லை என்று பஸ் ஏறினேன். எங்கே போடுவது என்று மட்டும்தான் யோசித்தேன். எங்கே போய்ச் சேரும் என்று யோசிக்கவில்லை. யுவராஜ் ஆபீஸ் எங்கள் ஊரில் இருக்கிறது. எங்கள் ஊருக்கு வருகிற தபாலெல்லாம் எங்கள் வீட்டு மேசைக்குத்தான் வரும். நான் இறங்கிய எழுபது வளைவையும் இருபத்திரண்டு கார்டும் ஏறி வந்து, என் பெண்டாட்டி முன்னால் மல்லாக்கப் படுத்துக்கொண்டன. தபால் கார்டுக்கு மூடியும் இல்லை.

அவள் ஒன்றை எடுத்து வாசித்தாள்.

"'நான் மரவள்ளி விவசாயி. இரும்பய்யன் ஒற்றைக் கையால் மலையைப் பிடுங்கினான். நான் இரண்டு கையால் ஒரு கிழங்கைப் பிடுங்க மூச்சு வாங்குகிறேன். இந்தப் படம் எனக்கு ஊக்கம் தருகிறது. இப்படிக்கு அர்த்தனாரி.' ஏனுங்க, அர்த்தனாரி அண்ணன் ஊட்டுல கரண்டே இல்லீங்களே?"

"பக்கத்து ஊட்டுல பார்த்திருப்பாரு."

"பக்கத்து ஊடு நம்ம ஊடுங்க."

அடுத்தது. "'அந்தப் பெண் பத்தொன்பது வாரமாகச் சண்டை போடுகிறாள். ஒரு வாய் சோறு தின்று நான் பார்க்கவில்லை. அவள் சாப்பிடுகிற வரைக்கும் படத்தை நிறுத்தாதீர்கள். இப்படிக்கு கண்ணாயி.' கண்ணாயி அம்மாயிக்குப் படிக்கவே தெரியாதுங்களே?"

"படிக்கத்தானே தெரியாது" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த கார்டை எடுத்தாள். அது எதுவென்று எனக்குத் தெரியும்.

"'என் கணவர் இந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. அவர் செய்தி மட்டும்தான் பார்ப்பார். மிகுந்த அறிவாளி. நான்தான் பார்க்கிறேன். தயவுசெய்து நிறுத்த வேண்டாம். இப்படிக்கு தேன்மொழி, போஸ்ட் மாஸ்டர்.'"

டக்கென்று முத்திரை விழுந்தது. மேசை ஆடியது.

"உத்தியோகத்தையும் சேர்த்துப் போட்டிருக்கீங்க. ரொம்ப சந்தோசமுங்க."

"கிழிச்சுப் போட்டுரு தேனு. யாருக்கும் தெரியாது."

"கவர்மெண்ட் தபாலுங்க. கிழிச்சா என் வேலை போயிருமுங்க. சேர வேண்டிய எடத்துக்குச் சேர்த்துத்தான் ஆகணும்."

உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. திட்டு வாங்கினாலும் கார்டு போய்ச் சேரும். படம் ஓடும். கை வரும்.

அவள் மேசை டிராயரைத் திறந்தாள். ஒரு தாளை எடுத்து என் பக்கம் நீட்டினாள். அக்டோபர் பரீட்சை விண்ணப்பம். பத்தாவதில் நான் கோட்டை விட்ட தமிழுக்கு.

"போன மாசம் இதைக் காட்டினப்ப என்ன சொன்னீங்க?"

நான் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"நாலு வரி சேர்ந்தாப்புல எழுத வராது, கட்டுரைன்னா கை நடுங்குதுன்னு அறப்பளீசுவரர் மேல சத்தியம் பண்ணுனீங்க. இப்ப இருபத்திரண்டு கட்டுரைங்க. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லீங்க. கை நடுங்கின மாதிரியும் தெரியலீங்க."

"அது மூட்டை மேல உக்காந்து எழுதுனது…"

"பரீட்சைக்கு பெஞ்சு போடுவாங்க. கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். போடாமல் என்ன செய்ய?

"யார்கிட்டயும் சொல்லிராத" என்றேன்.

"தபால்ல இருக்கறதை நான் வெளிய சொல்லக் கூடாது." கார்டுகளை அடுக்கினாள். அப்பாசாமி மாமா கார்டை மட்டும் மேலே வைத்தாள். "நீ சொல்லணும். சென்னம்மா அத்தைகிட்ட. மத்தவங்க சிரிச்சுட்டு விட்டுருவாங்க. அத்தைக்கு அப்படி இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள போய்ச் சொல்லிரு."

'ங்க' போய்விட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அப்பாசாமி மாமா சென்னம்மா அத்தை வீட்டுக்காரர். நாலு வீடு தள்ளி. இந்த ஊரில் இரும்பய்யனை வெட்கப்படாமல் பார்த்த ஒரே ஆள் அவர்தான். எங்கள் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அடிரா, அடிரா" என்று டிவிக்குச் சொல்லிக் கொடுப்பார். இரும்பய்யனுக்குக் கை போன வாரத்துக்கு அடுத்த வாரம் அவர் போய்விட்டார். உயிரோடு இருக்கிறவர்கள் பெயரில் இருபத்தொன்று எழுதியாயிற்று. கடைசிக் கார்டு கையில் இருந்தது. அவர் இருந்தால் கட்டாயம் எழுதச் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. எழுதிவிட்டேன். அப்போது அது தப்பாகவே தெரியவில்லை. அதுதான் வெட்கம்.

வெள்ளிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். "வா சாமி" என்று மலை வாழைப்பழம் ஒரு சீப்பு எடுத்து வைத்தாள். ஏழு பழம் தின்றேன். வாய் நிறையப் பழம் இருக்கும்போது எப்படிப் பேசுவது? வந்துவிட்டேன். சனிக்கிழமை மழை. அவ்வளவு பெரிய மழை இல்லை. ஆனாலும் மழை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. எங்கள் சந்தில் டிவி எங்கள் வீட்டில்தான். கூட்டம் நிரம்பிவிட்டது. அன்றைக்கென்று பார்த்துக் கண்ணாயி அம்மாயி சென்னம்மா அத்தையையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள்.

யுவராஜ் தலையில் எண்ணெய் வழியத் திரையில் வந்தான். அர்த்தனாரி கார்டை வாசித்தான்.

"நானா?" என்றார் அர்த்தனாரி. சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவரைப் பெருமையாகப் பார்த்தார்கள். மீசையைத் தடவிக்கொண்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கேன்."

கண்ணாயி அம்மாயி, "நெசமாவே அந்தப் புள்ள சாப்பிடலியா?" என்று கண்ணைத் துடைத்தாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒவ்வொருவரும் தன் கருத்தைக் கேட்டு ஒத்துக்கொண்டார்கள். தப்பித்தேன் என்று சுவரில் சாய்ந்தேன்.

"தேன்மொழிங்கற பேர்ல ரெண்டு கார்டு வந்திருக்கு" என்றான் யுவராஜ். முதலாவது நான் எழுதியது. இரண்டாவது? நிமிர்ந்து உட்கார்ந்தேன். "'முந்தின கார்டில் ஒரு திருத்தம். படம் ஓடட்டும். ஆனால் அக்டோபர் பரீட்சை முடிந்த பிறகு ஓடட்டும். எங்கள் வீட்டில் ஒரு மாணவர் இருக்கிறார்.' நியாயமான கருத்து. படிக்கிற பிள்ளைங்க நலனுக்காக மீதி ஏழு வாரமும் பரீட்சைக்கு அப்புறம்."

கூட்டம் திரும்பியது. எங்கள் வீட்டில் மொத்தம் இரண்டே பேர். ஒருத்தி போஸ்ட் மாஸ்டர்.

"மாணவரே, இந்தத் தண்ணிச் சொம்பை எடுங்க" என்றார் அர்த்தனாரி. வீடு அதிரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் யுவராஜ் அடுத்ததை எடுத்தான்.

"இருக்கறதுலயே நல்ல கார்டுன்னு இதைக் கடைசிக்கு வெச்சிருந்தேன். 'அய்யா, இரும்பய்யன் ஒத்தைக் கையோட நிக்கிறான். அவனுக்குக் கை வந்ததைப் பார்க்காம எனக்குத் தூக்கம் வராது. பொம்மையைப் பார்க்கிறேன்னு எங்க ஊட்டுக்காரி திட்டுவா. திட்டட்டும். அடுத்த வாரம் அவளையும் கையோட கூட்டிட்டு வாரேன். இப்படிக்கு அப்பாசாமி.'"

சிரிப்பு நின்றுவிட்டது.

சென்னம்மா அத்தை எழுந்தாள். டிவியைப் பார்க்கவில்லை. தேன்மொழியைப் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, என்னையக் கூட்டிட்டு வாரேன்னா எழுதியிருக்காரு? எப்பப் போட்ட தபாலு இது? அவரு போயி மூணு மாசம் தாண்டிருச்சே. அத்தனை நாளா உங்க ஆபீஸ்லயா கெடந்துச்சு?"

எல்லாரும் தேன்மொழியைப் பார்த்தார்கள். சேர்ந்து ஒரு வருசத்தில் ஒரு தபாலைக்கூட ஒரு நாள் தாமதப்படுத்தியதில்லை அவள். மழையில் தானே நடந்து போய் மணியார்டர் கொடுத்தவள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கேபிள் ஒயரைப் பார்த்தேன்.

"அந்தக் கார்டு எனக்குக் கெடைக்குமா கண்ணு?" என்றாள் அத்தை.

"கெடைக்குமுங்க அத்தை" என்றாள் தேன்மொழி. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. போகிற வழியிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "மூணு மாசமாம். என்னத்த ஆபீஸோ." அடுப்படிக்குப் போனேன். தேன்மொழி முதுகைக் காட்டி நின்றாள்.

"யுவராஜ்கிட்ட அந்தக் கார்டை வாங்கு. அத்தைகிட்டக் குடு. குடுக்கறப்ப நீ எழுதுனதுன்னு சொல்லிரு." திரும்பவேயில்லை. "பரீட்சையெல்லாம் அப்புறம். இதைச் செய்யி."

வாங்கினேன். போனேன். அத்தை கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கார்டை இரண்டு கையாலும் வாங்கினாள். தலைகீழாகப் பிடித்தாள். அப்புறம் என்னிடமே நீட்டினாள். "படி சாமி."

படித்தேன். கூட்டிட்டு வாரேன் என்ற வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"தேனுகிட்டச் சொல்லு. மூணு மாசம் மறந்து போட்டிருந்தாலும் கொண்டாந்து சேர்த்துட்டா. அவ மேல எனக்குக் கோவம் இல்லீன்னு சொல்லு" என்றாள்.

அத்தையிடம் தேன்மொழி செய்யச் சொன்னது இரண்டு காரியம். கார்டைக் கொடுத்துவிட்டேன்.