தலைகீழாய் நின்ற எண்ணூறு

தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் சேற்றில் இறங்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால், ஆதரித்து முதல் கையெழுத்து நான்தான் போடுவேன். தாவரவியலில் பதக்கம் வாங்கிய கையோடு அரியாங்குப்பம் ஆற்றில் இறங்கியவள் நான். அந்த அதிர்ச்சி இன்னும் எனக்கு முழுசாகத் தெளியவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. கரையோரம் அலையாத்திக் காடு இருந்தால் அலையின் வேகம் குறையும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. என் ஆராய்ச்சியும் அதுதான். இடிபாடு கொட்டி நாசமாகிக் கிடந்த ஒரு துண்டு ஆற்றங்கரையைச் சுத்தம் செய்து, சுரபுன்னை நட்டு, பழையபடி காடாக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பார்ப்பார். கன்று துளிர்த்திருந்தால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் அம்மா ஆசைப்பட்டபடி பி.எட். சேர்ந்து, போர்டில் செம்பருத்திப் பூ வரைந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

பிச்சாவரத்திலிருந்து சுரபுன்னை விதைகள் சாக்கு சாக்காக வந்து இறங்கின. பார்க்கக் குட்டி முருங்கைக்காய் மாதிரி இருக்கும். ஒரு முனை தடித்துக் கூராக முடியும். மறுமுனையில் சின்னதாக ஒரு பச்சை மொக்கு துருத்திக்கொண்டிருக்கும். எந்த முனை மண்ணுக்குள்? (அந்த மரத்தை நான் அதுவரை புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். இதை வெளியே சொன்னால் மானம் போகும் என்று சொல்லவில்லை.) பதக்கம் சும்மா இருக்குமா? எந்த விதையிலும் முதலில் எட்டிப் பார்ப்பது வேர்தான். ஆகவே மொக்குதான் வேர். ஆகவே மொக்கு கீழே. தீர்ப்பு எழுதியாயிற்று.

நடவுக்குக் கோயில் இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களை மேய்க்க அப்பா வந்தார். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். கயிறு கட்டி வரிசை பிடித்து, "அன், தெ, த்ருவா!" என்று அவர் பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் கத்த, த்ருவாவுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் குத்தினார்கள். காப்பி கொண்டுவந்த அம்மாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கூர்முனையைக் கீழே வைத்து நட்டாள்.

"அம்மா! தலகீழா நடுற!"

"கூரா இருக்கறதுதானே பாப்பா மண்ணுல எறங்கும்? கடப்பாறைய திருப்பியா குத்துவாங்க?"

"இது சயின்ஸும்மா. சமையல் இல்ல."

எல்லோர் முன்னாலும் அவள் நட்டதைப் பிடுங்கித் திருப்பி நட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. என் அம்மா பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது அன்று எனக்கு மறந்துவிட்டது.

இரண்டு மாதமாகியும் ஒரு இலைகூட வரவில்லை. நான் அசரவில்லை. 'கன்றுகள் உறக்க நிலையில் உள்ளன' என்று அறிக்கை எழுதினேன்.

பேராசிரியர் வந்தார். ஆற்றில் நீர் வற்றியிருந்த நேரம். பேண்டை மடித்துவிட்டு இறங்கி, ஒன்றைப் பிடுங்கினார். மொக்கு சேற்றுக்குள் அழுகிப்போயிருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொன்றைப் பிடுங்கினார்.

"என்னம்மா இது, தலைகீழா நட்டிருக்கு?"

இரண்டு வருஷப் படிப்பு முழங்கால் அளவு சேற்றில் இறங்குவதை நின்று பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா விறைப்பாக முன்னே வந்தார்.

"எல்லாமே அப்படித்தான் சார், எண்ணூறும்! ஒண்ணுகூட மாறல. லைன் சுத்தமா இருக்கா பாருங்க!"

பேராசிரியர் பார்த்தார். கடைசி வரிசைக்கும் அப்பால், ஒரு மூலையில், பதினோரு கன்றுகள் ஆளுக்கு இரண்டு இலை விட்டுப் பளபளவென்று நின்றன. எனக்கு அவை யாரென்றே தெரியாது.

"அது யார் நட்டது?"

"நான்தான் சார்," என்றாள் பிளாஸ்க்கோடு கரையில் நின்ற அம்மா. "மீந்து போனத வீணாக்குவானேன்னு, இவ அந்தாண்ட போனதும் என் இஷ்டத்துக்குக் குத்தி வெச்சேன்."

"பொண்ணுகிட்ட நீங்க சொல்லலையா?"

"சொன்னேன் சார். சயின்ஸுன்னுட்டா."

"மொன் தியே! கடவுளே!" என்று தலையில் கைவைத்தார் அப்பா. அவர் வரிசை குலைந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பேராசிரியர் வெகுநேரம் சிரித்தார். என்னைத் துரத்தவில்லை. மறுபடி நடச் சொன்னார், ஒரே நிபந்தனையோடு: அந்த அம்மா கூட இருக்க வேண்டும். இருந்தாள். ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் நட்டேன். அவமானமாகத்தான் இருந்தது. இன்று அங்கே மரங்களுக்கு நடுவே நண்டு பிடிக்கிறார்கள்.

வீட்டில்தான் இன்னும் விமோசனம் இல்லை. தலையணைக்கு உறை போட்டாலும் அப்பா எட்டிப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் மகளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பா கட்டிலருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"பாப்பா, எது மேல் பக்கம்னு ஒங்கம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்க."

கேட்டுக்கொண்டேன்.