நீச்சல்குள நிசப்தச் சட்டம்

மனிதகுல வரலாற்றை எழுதப் புறப்படுகிறவர்கள் நெருப்பு பிறந்ததையும் சக்கரம் உருண்டதையும் மறக்காமல் சேர்த்துவிடுகிறார்கள். சரகோசா நகரத்தின் ஓரத்தில், ‘லோஸ் அல்மெந்த்ரோஸ்’ குடியிருப்பின் நீச்சல்குள வாசலில், ஜூலை முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு ஒட்டப்பட்ட ஒன்றரைப் பக்க அறிவிப்பை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நெருப்பு இல்லாவிட்டாலும் மனிதன் பச்சைக் காய்கறியைத் தின்று காலம் தள்ளியிருப்பான். மத்தியானத் தூக்கம் இல்லாமல் சரகோசாவின் ஜூலை மாதத்தைத் தள்ளியவர் எவரும் இல்லை.

அறிவிப்பை இயற்றியவர் ஃபெர்மின் லகாஸ்தா. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தேழு ஆண்டு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்துநான்கு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் தலைவர் பதவி தேர்தலால் வருவதில்லை. வீட்டு எண் வரிசைப்படி, அம்மை போடுவதைப் போல, ஆண்டுக்கு ஒரு வீட்டைப் பிடிக்கும். முறை வந்தவர்கள் இடுப்புவலி என்பார்கள், மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்பார்கள். ஒருவர் வீட்டையே விற்றுவிட்டுப் போனார். எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, “ஏற்றுக்கொள்கிறேன்” என்று சொன்னவர் ஃபெர்மின் ஒருவர்தான். கூட்டத்தில் சிலர் தங்கள் காதையே நம்பவில்லை.

அவருடைய ஆசை சின்னது. குளத்தின் மூலையில், மோட்டார் அறைக்கு முன்னால், ஒரு மல்பெரி மரம் இருக்கிறது. அதன் நிழலில் ஒரு சாய்வு நாற்காலி. மூன்று மணி முதல் ஐந்து மணி வரை அதில் படுத்து நிம்மதியாகத் தூங்க வேண்டும். மூன்றாம் மாடியில் இருந்த அவருடைய வீடு அந்த நேரத்தில் ரொட்டி சுடும் அடுப்பு. “கீழ போய் மரத்தடியில படு ஃபெர்மின், காத்தாவது வரும்” என்று மனைவி விசித்தாசியோன் தலையணையைக் கையில் கொடுத்து அனுப்புவார். பதினொரு கோடைகாலமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இப்படி ஒரு மனைவி அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஃபெர்மின் நினைத்துக்கொள்வார்.

அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் குடியிருப்பு முழுவதும் கூடிக் குதறிக்கொண்டிருந்தது. யோலாந்தா பெய்ரோ என்கிற கீழ்வீட்டுப் பெண்மணி முலாம்பழம் அளவுக்கு ஒரு ஸ்பீக்கரைக் கரையில் வைத்து, பத்துப் பெண்களைத் தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்ய வைப்பார். ஆண்கள் நிழற்குடைக்கடியில் கின்யோத்தே ஆடுவார்கள். அந்தச் சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு விழுந்தால் மேசையில் ஓங்கி அறைய வேண்டும். கெட்ட சீட்டு விழுந்தால் இன்னும் ஓங்கி அறைய வேண்டும். ஃபெர்மின் தூங்குவார், திடுக்கிட்டு விழிப்பார், பல்லைக் கடிப்பார், மறுபடி தூங்குவார்.

ஆகவே சட்டம் பிறந்தது. மேற்படி நேரத்தில் இசை என்பது அவரவர் காதுக்குள் மட்டும். குளத்தில் குதிப்போர் நீர் தெறிக்கும் ஓசை எழாவண்ணம் குதிக்க வேண்டியது. சூரியகாந்தி விதை தின்போர் கொறிக்காமல் சப்ப வேண்டியது. அதே மூன்றாம் விதிப்படி சீட்டை அறையாமல் ‘வைக்க’ வேண்டியது. நான்காம் விதியை மட்டும் அவர் மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினார்: உறங்குபவரை எவரும், எக்காரணம் பற்றியும், கையாலோ வாயாலோ எழுப்பலாகாது. ஐந்தாம் விதிப்படி வாசலில் ஒரு புகார்ப் பதிவேடு கயிற்றில் கட்டித் தொங்கியது. அதில் மூன்று பத்திகள்: நேரம், ஒலியின் தன்மை, எழுப்பியவர்.

முதல் நாளே யோலாந்தா அறிவிப்புப் பலகைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“தலைவரே, இந்த ரெண்டாம் விதி. சத்தம் வராம தண்ணில எப்படிக் குதிக்கிறது?”

“கால் கட்டைவிரல்ல ஆரம்பிக்கணும், யோலாந்தா.”

“அப்புறம்?”

“மிச்சத்தையும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடணும்.”

“அதுக்குப் பேரு குதிக்கிறதா?”

“சட்டத்தோட பார்வையில குதிக்கிறதுதான்.”

குளத்து உயிர்காப்பாளர் நெரேயா இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். கழுத்தில் தொங்கிய விசிலைத் தூக்கிக் காட்டினார். “இதை ஊதலாமா?”

“ஆள் முங்கினா மட்டும் ஊதுங்க.”

“முங்கிறவரு காப்பாத்துங்கன்னு கத்தலாமா?”

“மூணு மணிக்கு முன்னாடியும் அஞ்சு மணிக்கு அப்புறமும் தாராளமாக் கத்தலாம்.”

சட்டத்துக்கு மக்கள் பணிந்தார்கள் என்பதைப் பெருமையோடு பதிவு செய்ய வேண்டும். பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருப்பவரிடம்கூட எதிர்க்கரைக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவர்கள், சைகையால் உப்பு கேட்டார்கள். பெண்கள் காதில் செருகிய இசைக்கு ஆளுக்கொரு தாளத்தில் தண்ணீருக்குள் ஆடினார்கள். சீட்டுக்காரர்கள் ராஜாவை மேசையில் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினார்கள். குடியிருப்பு கட்டப்பட்ட நாளிலிருந்து இல்லாத அமைதி குளத்தின் மேல் படர்ந்தது. அந்த அமைதியில்தான், அதுவரை எந்தக் காதிலும் விழாத ஒரு சத்தம் எல்லோருடைய காதிலும் விழுந்தது.

மூன்றாம் தேதி பதிவேட்டில் முதல் புகார் ஏறியது. ‘பிற்பகல் 3.20. இயந்திரம் இழுப்பது போன்ற ஒலி. மல்பெரி மரத்துப் பக்கமிருந்து.’ எழுப்பியவர் என்ற பத்தி காலியாக இருந்தது. நான்காம் தேதி: ‘அதே ஒலி. நடுவில் அரை நிமிடம் நின்றுபோகிறது. நிற்கும்போதுதான் அதிக பயமாக இருக்கிறது.’ ஐந்தாம் தேதி, நெரேயாவின் கையெழுத்தில்: ‘முடியும்போது சீழ்க்கை அடிக்கிறது.’

ஃபெர்மின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். தன் சட்டம் வேலை செய்கிறது என்ற பூரிப்பு ஒரு பக்கம். தன் ஆட்சியில், தன் தலைமாட்டிலேயே ஒரு சத்தம் உலவுகிறதே என்ற கொதிப்பு மறுபக்கம். ஆறாம் தேதி அவரே நேரில் விசாரணைக்கு அமர்ந்தார். சாய்வு நாற்காலியை நிமிர்த்தி, பேனாவைத் திறந்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து மணிக்குக் கண்ணைக் கசக்கியபடி நெரேயாவிடம் போனார்.

“இன்னைக்கு வந்துச்சா?”

“வந்துச்சு தலைவரே. நேத்தைவிட ஜாஸ்தி.”

“எனக்கு ஒண்ணுமே கேக்கலையே. அங்கதானே இருந்தேன்.”

“ரொம்பக் கிட்ட இருந்தா கேக்காதுபோல.”

அந்தப் பதிலில் ஒரு விஞ்ஞான உண்மை இருப்பதாக ஃபெர்மினுக்குப் பட்டது. மரத்துக்குப் பின்னால் மோட்டார் அறை. ஆகவே தண்ணீர் வடிகட்டும் மோட்டார்தான் குற்றவாளி. மெக்கானிக் காலை பதினொரு மணிக்கு வந்து பார்த்தார்; மோட்டார் பூனைபோலச் சத்தமில்லாமல் ஓடுகிறது என்றார். “மூணு மணிக்கு வந்து பாருங்க” என்றார் தலைவர். மூன்று மணிக்கு வேலை செய்யும் மெக்கானிக் சரகோசாவில் இன்னும் பிறக்கவில்லை. எனவே நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதியது பொருத்தினார்கள். இருபத்துநான்கு வீட்டாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன ஒத்துழைப்பு, என்ன ஒற்றுமை என்று ஃபெர்மின் நெகிழ்ந்தார்.

புது மோட்டார் வந்த அன்றும் மூன்று இருபதுக்குச் சத்தம் வந்தது.

பதினைந்தாம் தேதி அவர் மூன்று கோப்பை கடுங்காப்பி குடித்துவிட்டு வந்து கொட்டக் கொட்ட விழித்திருந்தார். அன்று சத்தமே இல்லை. ஐந்து மணிக்குக் குளமே அவரை வாஞ்சையோடு பார்த்தது. “தினமும் இப்படிக் காப்பி குடிங்களேன் தலைவரே, முகமே தெளிவா இருக்கு” என்றார் யோலாந்தா. அந்த அக்கறையில் ஃபெர்மினுக்குப் பொறி தட்டியது. நான் விழித்திருந்தால் நின்றுவிடுகிறது. கண் அசந்தால் வருகிறது. இயந்திரத்துக்கு அந்த அறிவு ஏது? ஆக, இது மனிதனின் வேலை. அதிலும் ஸ்பீக்கர் வைத்திருக்கும் மனிதரின் வேலை. பழிவாங்குகிறார் யோலாந்தா.

அன்று மாலையே ஆறாம் விதியை எழுதினார். மேற்படி ஒலியை எழுப்புபவர் என மெய்ப்பிக்கப்படுபவர், செப்டம்பரில் குளம் மூடும் நாள் வரை குளத்து எல்லைக்குள் கால் வைக்கலாகாது. தன் நடுநிலையை உலகம் அறியட்டும் என்று ஒரு வரியும் சேர்த்தார்: ‘எப்பதவி வகிப்பவராயினும் விலக்கில்லை.’ இதற்காக இருபத்திரண்டாம் தேதி, குளக்கரையிலேயே, பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது.

குடியிருப்பின் கூட்டங்களுக்கு இரண்டு அழைப்பு உண்டு. முதல் அழைப்பு ஏழரை மணி, இரண்டாம் அழைப்பு எட்டு மணி. முதல் அழைப்புக்கு வந்தவர் என்று யாரையும் ஆவணங்களில் காண முடியாது. அன்றோ ஏழேகாலுக்கே இருபத்துநான்கு வீட்டாரும் வந்து நாற்காலி பிடித்துவிட்டார்கள். கணக்குவழக்கும் கூட்டக் குறிப்பும் பார்க்கும் நிர்வாகி செலெதோனியோ, எட்டு மணிக்கு முன் எழுத வேலை வந்ததே இல்லையாதலால், பேனாவைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஃபெர்மின் ஆறாம் விதியை எழுந்து நின்று படித்தார். படிக்கும்போது யோலாந்தாவை இரண்டு முறை பார்த்தார். யோலாந்தா தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலைவரே,” செலெதோனியோ தொண்டையைச் செருமினார், “அந்தக் கடைசி வரி அவசியமா? எப்பதவின்னு வருதே.”

“அதுதான் உயிர்நாடி.”

“ஒரு வாரம் யோசிச்சு வேணா...”

“யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? வாக்கெடுப்பு.”

இருபத்துநான்கு கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. வாசலுக்கு என்ன நிறம் பூசுவது என்று ஆறு ஆண்டாக முடிவு செய்ய முடியாத சபை அது. ஃபெர்மின் வீட்டின் வாக்காக, எல்லோரும் விசி என்றழைக்கும் அவர் மனைவியின் கை எல்லோருக்கும் முன்னால் உயர்ந்தது. தலைவரின் கண்கள் கலங்கிவிட்டன. யோலாந்தாவும் கை தூக்கியிருந்ததுதான் அவருக்குக் கொஞ்சம் இடறியது.

“நன்றி. இனி அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி” என்றார்.

ஒருவர் வாயில் சூரியகாந்தி விதை பாதியில் நின்றது.

“தேட வேணாம் ஃபெர்மின்,” என்றார் விசி. “நீதான்.”

“நான்தான் என்ன?”

“அந்தச் சத்தம். உன் குறட்டை. முப்பத்தெட்டு வருஷமாக் கேக்கறேன். கரெக்டா அரை நிமிஷம் நிக்கும், அப்புறம் பிடிச்சுக்கும், சீழ்க்கையில முடியும்.”

“அப்போ... மரத்தடியில காத்து வரும்னு அனுப்புனியே?”

“காத்து வருதான்னு எனக்குத் தெரியாது. நீ கீழ போனாத்தான் எனக்கு மேல தூக்கம் வரும்.”

ஃபெர்மின் உட்கார்ந்துவிட்டார். காது மடல் இரண்டும் தீயாய்ச் சுட்டன. மோட்டார் அறைக் கதவில் காதை ஒட்டவைத்து நின்றது, மெக்கானிக்கிடம் சத்தம் எப்படி வருமென்று வாயால் செய்து காட்டியது, காப்பி குடித்துக் குற்றவாளிக்குக் காத்திருந்தது எல்லாம் வரிசையாக வந்து அவருக்கு வணக்கம் சொல்லிப் போயின. நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணலாவது அதைச் சட்டமாக இயற்றி, படித்துக் காட்டி, வாக்கெடுப்புக்கு விட்டதில்லை.

“உங்களுக்கெல்லாம் தெரியுமா?” என்று கேட்டார்.

“மூணாம் தேதியிலேருந்து” என்றார் யோலாந்தா.

“மோட்டாரை மாத்தினோமே!”

“மாத்தினோம். உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது தலைவரே, மனசு நோகுமேன்னு...”

“இப்போ கை தூக்கினப்ப நோகலையா?”

யோலாந்தா மறுபடி கால் நகத்துக்குப் போய்விட்டார். ஃபெர்மின் நெரேயாவின் பக்கம் திரும்பினார். “நீங்களாவது பக்கத்துலயே இருந்தீங்க. தோளைத் தட்டி ஒருதரம் எழுப்பியிருக்கலாமே?”

நெரேயா அறிவிப்புப் பலகையைக் கைகாட்டினார். பிறகு, அவருக்குக் கண்ணாடி மங்கியிருப்பதைப் பார்த்து, தாமே சொன்னார்: “நாலாம் விதி. கையாலயும் கூடாது, வாயாலயும் கூடாது.”

செலெதோனியோ ஆணையை நீட்டினார். குற்றவாளிக்குத் தலைவர் கையொப்பமிட்டு வழங்க வேண்டிய ஆணை. ஃபெர்மின் தலைவராகக் கையொப்பமிட்டு வழங்கினார். குற்றவாளியாகக் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டார். முப்பத்தேழு ஆண்டுப் பழக்கம், நகலிலும் போட்டார். மரத்தடிக்குப் போய்த் தலையணையை எடுத்தார். சாய்வு நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்தது. அதற்கும் ஏதாவது விதி இருக்குமோ என்று அடக்கிக்கொண்டார்.

வாசலைத் தாண்டுமுன் பதிவேட்டைத் திறந்தார். கயிற்றில் தொங்கிய பேனாவால், அழகான பதிவு அலுவலகக் கையெழுத்தில், மூன்று பத்தியையும் முதல் முறையாக முழுமையாக நிரப்பினார்.

நேரம்: ஜூலை மூன்று முதல் இன்று மாலை வரை. ஒலியின் தன்மை: நிசப்தம். எழுப்பியவர்: இருபத்துநான்கு வீட்டார், என் வீடு உட்பட.