படகுக்குள் வந்த தண்ணீரை நான் தடுத்த கதை

படகுக்குள் தண்ணீர் வருகிறது. அதைத் தடுப்பவன் அறிவாளியா, முட்டாளா? பிள்ளைகளே, உலகத்தில் யாரைக் கேட்டாலும் சரியான பதில் சொல்வார்கள், நம் வீட்டைத் தவிர. உங்கள் அம்மா அவள் பக்கத்துக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாயிற்று. என் பக்கத்து நியாயத்தை இன்று எழுதிவைக்கிறேன்.

அப்போது நீங்கள் பிறக்கவில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் நான் பம்பு மெக்கானிக். பர்மனென்ட் ஆன புதிது. (பர்மனென்ட் ஆனவன் நடையே வேறு.) நிலக்கரிக்கு அடியில் ஊற்றுத் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும் ஊர் இது. ராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கம், விட்டால் ஏரி. உள்ளே வரும் தண்ணீர் எதிரி என்பது என் ரத்தத்தில் ஊறிய பாடம்.

உங்கள் மாமா ஏழுமலை, அதாவது அம்மாவின் தம்பி (உங்களுக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாமா), கடலூரில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருந்தார். வயிற்றுக்குள் டீசல் எஞ்சின் வைத்த படகு. அவருக்கு நாகப்பட்டினத்தில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "படகு இருக்குன்னு வாயால சொன்னா ஆச்சா? இங்க ஓட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. பாத்துட்டுத்தான் பொண்ணு."

இரண்டு நாள் கடல் பயணம். "வழியில எஞ்சின் படுத்துகினா யாரு பாக்கறது? நீங்க கூடப் போங்க" என்று உங்கள் அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்பேனர் பையோடு கிளம்பினேன்.

முதல் நாள் எஞ்சின் சுகமாக ஓடியது. நான்தான் வழி நெடுக வாந்தி எடுத்தேன். தரங்கம்பாடிக்கு எதிரே நங்கூரம் போட்டோம். காலையில் மாமா தூங்கிக்கொண்டிருக்க, எஞ்சினைத் துடைக்கலாம் என்று கீழே இறங்கினேன்.

அங்கே பார்த்தேன். படகின் அடிப்பலகையில் ஒரு ஓட்டை. ஓட்டையில் ஒரு குழாய். குழாயில் ஒரு வால்வு. வால்வு முழுசாகத் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் வங்காள விரிகுடா, இந்தப் பக்கம் நாங்கள்.

மூடினேன். ஸ்பேனர் போட்டு இறுக்கி மூடினேன். (தூங்குகிறவனை எழுப்பித் தம்பட்டம் அடிக்கும் ஆள் நான் இல்லை.)

கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே எஞ்சின் புகைந்தது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. அப்புறம் கொதித்து நின்றுவிட்டது.

"என்ன டீசல் ஊத்தின? மண்ணெண்ணெய் கலந்திருக்கான் பாரு" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டேன். ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். பைப்பில் காற்று எடுத்தேன். டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றினேன். அதன் வாஷர் ஒன்று கடலுக்குப் போனது. அதற்கும் மாமாவைத்தான் திட்டினேன்.

"மாமா, எஞ்சின் ஓடறப்ப வெளிய தண்ணி துப்பவே இல்ல. தண்ணி பம்ப ஒருவாட்டி பாருங்களேன்."

"பம்பப் பத்தி எனக்கே சொல்றியா மச்சான்?"

உச்சி வெயில் வரைக்கும் மற்றதையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, கடைசியில்தான் பம்பைத் திறந்தேன். உள்ளே இருந்த ரப்பர்ச் சக்கரம் கருகிப் பொடிந்து கிடந்தது.

"தண்ணியே இல்லாம ஓட்டியிருக்க. உன்ன நம்பி எவன் எஞ்சின் வித்தான்?" என்று கத்தினேன்.

மாமா குழாயைத் தடவிக்கொண்டே அடிப்பலகை வரை போனார். கை வால்வில் வந்து நின்றது.

"மாமா, இத யாரு மூடனது?"

"நான்தான். தொறந்து கெடந்துது."

"அது வழியாத்தான் கடல் தண்ணி வந்து எஞ்சின் சூட்ட ஆத்தணும்."

"அதுக்குப் படகுலயா ஓட்டை போடுவாங்க?"

(இதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.) அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "பொண்ணு போச்சு மாமா" என்றார். நான் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுப் பையைக் கட்டினேன்.

கடல்காற்று எழும்பியது. மாமா எழுந்து பாயை ஏற்றினார். சுக்கானைப் பிடித்தவர் சாயங்காலம் வரை விடவில்லை. நான் இடுக்கில் உட்கார்ந்திருந்தேன். எதையும் தொடவில்லை.

நாகப்பட்டினக் கரையில் பெண்ணின் அப்பா சொந்தக்காரர்களோடு நின்றிருந்தார்.

"எஞ்சின் சத்தமே காணுமே தம்பி?"

ஏதாவது சமாளிக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொல்லிவிட்டார்: "எங்க மாமா மூடிட்டாருங்க." முழுக் கதையும் சொன்னார். கரையே சிரித்தது. பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பாயை அண்ணாந்து பார்த்தார்.

"எஞ்சின் இருந்தா எவனும் வந்துடுவான். நீ பாயிலயே கொண்டாந்து சேத்துட்ட. தேதி பாத்துடலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க பஸ்ஸுல ஊருக்குப் போயிடுங்க."

அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்ததே நான்தான் என்று யாராவது சொல்கிறார்களா? நம் குவார்ட்டர்ஸில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் உங்கள் அம்மா தொட்டியைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறாள். படகில் அந்த வால்வுக்கு மேலே உங்கள் மாமா சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறார்: "மாமா தொட வேண்டாம்." இத்தனை வருஷத்தில் மங்கியிருக்கும் என்று போன மாதம் எட்டிப் பார்த்தேன். புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்.