சம்பளப் பட்டியலில் இல்லாத முதலாளி

வேலை நிரந்தரமாக வேண்டுமென்று துடிப்பவன் கையில் மெயில் சர்வரைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பிரான்சுக்குத் தோல் பை அனுப்பும் கம்பெனியில் நான் ஒப்பந்தக் கணினி ஆள். ஊரில் இல்லாத பெயர்களுக்கெல்லாம் குப்பை மெயில் வந்து குவியும். எங்கள் சர்வரோ எல்லாவற்றையும் உள்ளே வாங்கிப் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் ஆளைத் தேடும்.

"பட்டியலில் பேர் இல்லாத ஆளுக்கு வர்ற மெயில வாசல்லயே மறிச்சிடலாம் சார்" என்று முதலாளியிடம் அளந்தேன்.

"செய்டா. சரியா வந்துச்சுன்னா ஒன்ன பர்மனென்ட் பண்ணிடறேன்."

பட்டியலுக்கு எங்கே போவது? சம்பளப் பட்டியலை அப்படியே ஏற்றினேன். (அதைவிடச் சுத்தமான பட்டியல் எந்தக் கம்பெனியில் இருக்கிறது, சொல்லுங்கள்.)

இரண்டு நாள் என் பெட்டிக்கு ஒரு மெயில்கூட வரவில்லை. குப்பையும் இல்லை, குறையும் இல்லை. கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மதியம், பிரெஞ்சு தெரிந்த ரிசப்ஷன் மரி அக்கா ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பாரிஸ்லேர்ந்து பை வாங்குற அம்மா. நம்ம மொதலாளி எப்பத் தவறினாருன்னு கேக்குறாங்க."

"அவரு உள்ள பிரியாணி சாப்டுட்டு இருக்காருக்கா."

"நானும் அதத்தான் சொன்னேன். நாலு மெயில் போட்டாங்களாம், அப்படி ஒருத்தர் இங்க இல்லன்னே திரும்பிடுச்சாம். அழுவுறாங்கப்பா. ஆர்டர வேற எடத்துல குடுக்கலாமான்னும் யோசிக்கிறாங்க."

முதலாளி எந்தக் காலத்தில் சம்பளம் வாங்கினார், பட்டியலில் இருக்க?

அவரே கை கழுவாமல் ஓடிவந்து, தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் தான் உயிரோடு இருப்பதைக் கால் மணி நேரம் நிரூபித்தார். ஆர்டர் பிழைத்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா ஒனக்கும் மெயில் போட்டாங்களாமேடா. பாக்கலியா?"

சம்பளப் பட்டியலை ஏற்றிய கதையை ஒப்பித்தேன். மரி அக்காதான் மெதுவாகச் சொன்னார்: "தம்பி கான்ட்ராக்ட்டு சார். சம்பளப் பட்டியல்ல அதும் பேரும் இல்ல."

என்னையே நான் வாசலில் நிறுத்தியிருக்கிறேன். முதலாளி அக்கவுன்ட்ஸ் ஆளைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"மொதல்ல இவன் பேர சம்பளப் பட்டியல்ல ஏத்துங்க. திட்டி மெயில் போட்டா போய்ச் சேர வேணாமா?"

அப்படித்தான் நான் நிரந்தரமானேன். அதற்குப் பிறகு என் பெட்டிக்கு வந்த முதல் மெயில் அந்தத் திட்டுதான், இன்றுவரை அழிக்கவில்லை.

இந்தக் கதையை வீட்டில் சொன்னது என் அடுத்த தவறு. மீன் குழம்பு வாசனைக்கு அடுப்படியில் எட்டிப் பார்த்தால் போதும், மனைவி கரண்டியைக் குறுக்கே நீட்டிவிடுகிறாள்.

"லிஸ்ட்டுல பேரு இருக்கா?"